டெக்னாலஜி எஜுகேஷன் டீச்சர் ஆக எந்த மாஸ்டர்ஸ்? ரெண்டு படிப்புக்கு நடுவுல நிக்கறேன்

மழைக்காகம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

2007-ல ஈசிஇ முடிச்சேன். சென்னையில ஆறு வருஷம் டெஸ்டிங் வேலை. கல்யாணமாகி நியூயார்க் மாநிலம் வந்தாச்சு. நியூயார்க்னு சொன்னதும் எல்லாரும் சிட்டியை நினைச்சுக்கறாங்க. நாங்க இருக்கறது வடக்கே, ஏப்ரல்லயும் பனி அள்ளிப் போடற பக்கம். எச்4-ல, அதாவது வீட்டுக்காரர் விசாவை ஒட்டின விசாவுல, சில வருஷம் வீடு, ஈஏடிங்கற வேலை அனுமதி வந்ததும் பக்கத்து மிடில் ஸ்கூல்ல டீச்சிங் அசிஸ்டென்ட். போன வருஷம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. வயசு 39.

எங்க ஸ்கூல் டெக் சார் அடுத்த ஜூன்ல ரிட்டயர் ஆகறார். அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காதுன்னு இப்பவே ஆபீஸ்ல புலம்பல். ஒருநாள் காபி ரூம்ல என்கிட்ட, "நீ இன்ஜினியர்தானே, நீயே வந்துடேன்"னு சொல்லிட்டு கப்பைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னாரோ என்னவோ, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை.

தேடிப் பார்த்ததுல ரெண்டு படிப்பு கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு எஜுகேஷனல் டெக்னாலஜில மாஸ்டர்ஸ். முழுக்க ஆன்லைன், ஒன்றரை வருஷம், வேலையை விட வேண்டாம். இன்னொண்ணு டெக்னாலஜி எஜுகேஷன் மாஸ்டர்ஸ். எழுபது மைல் ஓட்டிப் போகணும், ரெண்டு வருஷம், கடைசி செமஸ்டர் சம்பளமே இல்லாம முழுநேர ஸ்டூடென்ட் டீச்சிங் (பள்ளியில பயிற்சி ஆசிரியரா வகுப்பு எடுக்கறது). அதுக்கும் முன்னாடி "உங்க டிகிரில இது இது இல்லை"ன்னு நாலு கூடுதல் பாடம் வேற எடுக்கச் சொல்றாங்க.

பேர் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, சுலபமானதை எடுன்னு வீட்டுக்காரர் சொல்றார். எனக்கும் பாதி மனசு அப்படித்தான். இந்த வழியில போனவங்க யாராவது இருக்கீங்களா? லைசென்ஸ்க்கு எது செல்லும்?


கோட்குமார்:

சிஸ்டர், இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆன்லைனைப் போடுங்க. இப்போ எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஆளுக்கொரு குரோம்புக்தான். டெக்னாலஜின்னா கம்ப்யூட்டர், ரோபோ, கொஞ்சம் கோடிங். உங்களுக்கு டெஸ்டிங் அனுபவமே இருக்கு. மாஸ்டர்ஸை வாங்கிட்டு மாநிலப் பரீட்சை ஒண்ணு எழுதினா முடிஞ்சது. எழுபது மைல் பனியில வண்டி ஓட்டறதெல்லாம் தேவையா?


பழையரம்பம்:

குமார் தம்பி, நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா இதே யோசனையைக் கேட்டுத்தான் நான் ஒரு செமஸ்டர் பணத்தைத் தண்ணில விட்டேன். அதனால குறுக்க வர்றேன்.

மழைக்காகம், நானும் நியூயார்க் மாநிலம்தான். மிடில் ஸ்கூல்ல டெக் டீச்சரா இது ஏழாவது வருஷம். 41 வயசுல ஆரம்பிச்சேன், வயசுக் கணக்கை முதல்ல மூட்டை கட்டுங்க.

எஜுகேஷனல் டெக்னாலஜி வேற, டெக்னாலஜி எஜுகேஷன் வேற. சொல்லை மாத்திப் போட்ட மாதிரி இருக்கும், தொழிலே வேற. முதலாவது, மத்த டீச்சர்கள் பாடம் நடத்தக் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தறதுங்கறது. ரெண்டாவது, பொருளை எப்படி வடிவமைச்சுச் செய்யறதுங்கறதையே பிள்ளைங்களுக்குப் பாடமா நடத்தறது. மரம், உலோகம், பிளாஸ்டிக், மின்சாரம், கட்டுமானம், எஞ்சின் எல்லாம் அதுல வரும். நம்ம மாநிலத்துல டீச்சர் சர்ட்டிபிகேட்டும் (நீங்க கேட்ட லைசென்ஸ்தான்) தனித்தனி. டெக்னாலஜி எஜுகேஷன் ஒண்ணு, எஜுகேஷனல் டெக்னாலஜி ஸ்பெஷலிஸ்ட் ஒண்ணு, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒண்ணு. உங்க டெக் சார் இடத்துல உட்கார முதலாவது இருந்தாதான் ஆகும்.

என் கதை: நானும் ஆன்லைன் ஒண்ணுலதான் சேர்ந்தேன். கல்லூரி பேர் வேண்டாம். சேர்க்கைப் பிரிவுல பேசின பொண்ணு போன்ல "ஆமா, சர்ட்டிபிகேஷனுக்கு உதவும்"னு தேன் மாதிரி சொன்னா. உதவும்னாளே தவிர, கிடைக்கும்னு சொல்லலை. அந்த வித்தியாசம் எனக்கு மூணு கிரெடிட் பணத்தைக் கட்டினப்புறம்தான் உறைச்சது. அந்தப் படிப்பு எந்த டீச்சிங் சர்ட்டிபிகேட்டுக்கும் பதிவே ஆகலை.

அதனால யார் பேச்சையும் கேக்காதீங்க, என் பேச்சையும் சேர்த்து. மாநிலக் கல்வித் துறை வலைத்தளத்துல பதிவு பெற்ற படிப்புகளோட பட்டியல் இருக்கு. கல்லூரி பேரைப் போட்டா ஒவ்வொரு படிப்புக்கு நேரா அது எந்த சர்ட்டிபிகேட்டுக்குக் கொண்டுபோய் விடும்னு போட்டிருக்கும். அங்க "டெக்னாலஜி எஜுகேஷன், இனிஷியல்"னு (முதல் கட்ட சர்ட்டிபிகேட்) இருந்தா சேருங்க. அந்த இடம் காலியா இருந்தா, கல்லூரி எத்தனை அழகா விளம்பரம் போட்டாலும் டிகிரி மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது, அந்த நாலு கூடுதல் பாடம். இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க. எனக்கும் ட்ரிபிள்-இ டிகிரிதான். கணக்குப் பேப்பர் அத்தனையும் இருந்தும் அவங்களுக்கு அது டெக்னாலஜி கிரெடிட் இல்லை. சர்க்யூட்ஸ், எலக்ட்ரானிக்ஸ், மெஷின்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. பொருள் செய்யற பக்கம் ஒண்ணுமே இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அப்போதான் முதல் வருஷ ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. நமக்கெல்லாம் இருந்ததே, கார்பென்ட்ரி, ஃபிட்டிங், வெல்டிங், தகரத்துல கூம்பு செய்யறது. டிரான்ஸ்கிரிப்ட்ல அது "லேப்"னு ஒரே வரியில கிடக்கும், படிக்கறவங்களுக்கு என்னன்னே தெரியாது. சிலபஸைத் தேடிப் பிடிச்சு, மணிக்கணக்கோட, எஞ்சினியரிங் டிராயிங் பேப்பரையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு பாடம் குறைஞ்சது. நீங்களும் அதைச் செய்யுங்க.

(அந்த ஒர்க்‌ஷாப்ல நான் வச்ச டி-ஜாயின்ட் லேப் அட்டெண்டர் அண்ணன் செஞ்சு கொடுத்தது. ஃபிட்டிங்ல அரம் பிடிச்சதுக்கு மட்டும் கை நிஜமாவே காய்ச்சுப் போச்சு. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அந்தப் பாவத்துக்கு இங்க வந்து பரிகாரம் பண்ணினேன்.)

அந்தப் பாடங்களை வீண்னு நினைக்காதீங்க. என்னை டீச்சர் ஆக்கினது மாஸ்டர்ஸ் தியரி வகுப்பு இல்லை, அந்த மரப் பட்டறைதான். முதல் நாள் நான் ஒரு கையில ஆறு வளையல், கழுத்துல தாலிச்செயின், விரிச்ச தலைமுடியோட போய் நின்னேன். பட்டறைப் பேராசிரியர் ஒண்ணுமே சொல்லாம ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். வளையல் போச்சு. தாலியைக் கழட்ட மனசு வரலை. சட்டைக்குள்ள விட்டு, மேல் பட்டன் வரைக்கும் போட்டு, ஏப்ரனை இறுக்கிக் கட்டினப்புறம்தான் பேண்ட் சா (பட்டை ரம்ப மெஷின்) பக்கமே விட்டார். பிளேடுக்கு மேல ஒரு பாதுகாப்பு மறைப்பு இருக்கும். அதை மரத்துக்குக் கால் அங்குலம் மேல வரைக்கும் இறக்கணும். நான் நல்லாப் பார்க்கணும்னு மூணு அங்குலம் தூக்கி வச்சிருந்தேன். மெஷினை நிறுத்திட்டுக் கேட்டார்: "இந்த மூணு அங்குலத்துல எத்தனை விரல் போகும்?" இன்னிக்கு என் ஏழாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட அதே கேள்வியைத்தான் கேக்கறேன். பாதுகாப்புப் பரீட்சைல நூத்துக்கு நூறு வாங்காத பிள்ளை என் பட்டறையில எந்த மெஷினையும் தொட முடியாது. தொண்ணூத்தெட்டு வாங்கினாலும் மறுபடி எழுதணும்.

ஊருக்கு போன் பண்ணிச் சொன்னப்போ அப்பா கேட்டது, "எஞ்சினியரிங் படிச்சுட்டு ஆசாரி வேலை சொல்லித்தரப் போறியா?" நம்ம ஊர்ல பள்ளிக்கூடத்துல கைத்தொழில்னாலே 1953 ராஜாஜி திட்டம் கண்ணு முன்னாடி வந்துடும். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில கட்டற குலக்கல்வின்னு சொல்லித்தான் அதை எதிர்த்தாங்க, அடுத்த வருஷம் காமராஜர் வந்து எடுத்துட்டார். எதிர்த்தது நியாயம். ஆனா அந்தக் கோபத்துக்கு நடுவுல உளி பிடிக்கறதே கேவலம்னு ஒரு எண்ணமும் நமக்குள்ள தங்கிப்போச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இங்க யார் வீட்டுப் பிள்ளையானாலும் அதே உப்புத்தாளை வச்சு அதே மரத்தைத்தான் தேய்க்கறாங்க. இங்கேயும் பெயர் மாறித்தான் வந்திருக்கு. முன்னே இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ். 1985-ல ஆசிரியர் சங்கமே டெக்னாலஜி எஜுகேஷன்னு பெயரை மாத்திக்கிச்சு, 2010-ல எஞ்சினியரிங்கும் சேர்ந்துகிச்சு. வயசானவங்க இன்னும் "ஷாப் கிளாஸ்"னுதான் சொல்வாங்க. எங்க அப்பாவுக்கு நான் இன்னிக்கும் ஆசாரிதான்.

லைசென்ஸ் பக்கம் சுருக்கமாச் சொல்றேன், அது பெரிய மலை இல்லை. பாடத் தேர்வு ஒண்ணு, எல்லா டீச்சர்களுக்கும் பொதுவான ஈஏஎஸ்னு ஒண்ணு. குழந்தை வன்கொடுமையை அடையாளம் காணறது, பள்ளி வன்முறைத் தடுப்பு, டாசா (பிள்ளைங்களைத் துன்புறுத்தல், பாகுபாட்டுலேர்ந்து காக்கற சட்டம்), இந்த மூணு பயிலரங்கு. கைரேகை. நீங்க ஏற்கனவே அசிஸ்டென்ட்ங்கறதால இதுல சிலது முடிஞ்சிருக்கும். கல்லூரி பரிந்துரை போட்டதும் இனிஷியல் சர்ட்டிபிகேட் வரும், அஞ்சு வருஷம் செல்லும். அதுக்குள்ள மூணு வருஷம் வேலை பார்த்து அடுத்த கட்டமான ப்ரொஃபெஷனலுக்கு மாறணும். அதுக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம், உங்ககிட்ட முன்னாடியே இருக்கும். பழைய பதிவுகள்ல எட்டிபிஏ வீடியோன்னு (நாம வகுப்பு எடுக்கறதை வீடியோ பிடிச்சு அனுப்பற மதிப்பீடு) அழுது எழுதியிருப்பாங்க. 2022-ல நம்ம மாநிலம் அந்தக் கட்டாயத்தை எடுத்துடுச்சு. இப்போ உங்க கல்லூரியே தன் மதிப்பீட்டை வச்சுக்கும்.

ஸ்டூடென்ட் டீச்சிங்ல நடந்த ஒண்ணைச் சொல்லி முடிச்சுக்கறேன். பிள்ளைங்க சிஓ2 கார் செய்வாங்க. மரக்கட்டையைச் சீவி கார் வடிவம் கொண்டுவந்து, பின்னாடி துளை போட்டு எட்டு கிராம் வாயுக் குப்பி வச்சு விடற கார். அடியில ரெண்டு கண் ஆணி (தலையில வளையம் இருக்கற ஆணி), அது வழியா ஓடற நூலை ஒட்டித்தான் கார் போகும். ஒரு பையன், யாரோடயும் பேச மாட்டான். கார் வடிவம் அப்படி ஒரு அழகு, மீன் மாதிரி. அச்சுத் துளையை மட்டும் அவசரத்துல சாய்வாப் போட்டுட்டான். எனக்கு அது கண்ணுல பட்டது. சொல்லலாமா வேண்டாமான்னு நின்னேன், சொல்லலை. ஓட்டத்துல கார் பாதி தூரத்துல கண் ஆணியைப் பிச்சுக்கிட்டுச் சுவத்துல மோதிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் துண்டைப் பொறுக்கிட்டு வந்து டிரில் பிரஸ்ல வச்சு, மூலைமட்டத்தை ஒட்டிப் பார்த்துட்டு, "மேஜை சாய்ஞ்சிருக்கு மிஸ்"ன்னான். பார்த்தா நிஜமாவே சாய்ஞ்சிருக்கு! முந்தின வகுப்புக்கு நான்தான் சாய்ச்சுட்டு மறந்திருக்கேன். இப்போ தினம் காலைல முதல் வேலையா மூலைமட்டத்தை எடுத்துட்டு அந்த மேஜைகிட்டதான் போவேன்.


கோட்குமார்:

அக்கா, ஒத்துக்கறேன். ரம்பம் இருக்கும்னே எனக்குத் தெரியாது. என் பதிலை அழிக்க வேண்டாம், என்னை மாதிரி நினைக்கறவங்க பார்க்கட்டும்.


பாஸ்டன்பாண்டி:

பக்கத்து மாநிலத்துக் கதை ஒண்ணு, ஒப்பிட்டுப் பார்க்க. மாசசூசெட்ஸ்ல இந்த லைசென்ஸுக்கு டெக்னாலஜி/எஞ்சினியரிங்னு பேர், அஞ்சாம் வகுப்புலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும். அறிவியல் பாடத்திட்டத்தோட சேர்த்தே வச்சிருக்காங்க. இங்க மாஸ்டர்ஸ் இல்லாமலே உள்ள நுழையலாம். இளங்கலை டிகிரியோட எம்டெல்ங்கற மாநில ஆசிரியர் தேர்வு பாஸ் பண்ணினா ப்ரொவிஷனல் (தற்காலிக) லைசென்ஸ் கொடுத்துடுவாங்க. வேலையில சேர்ந்துட்டு அப்புறம் படிச்சு இனிஷியலுக்கு மாறணும். நான் அப்படித்தான் மெக்கானிக்கல் டிகிரியை வச்சு நுழைஞ்சேன்.

கேக்க சுகமா இருக்கும். முதல் வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருபத்தினாலு பிள்ளைங்க, எட்டு மெஷின், வகுப்பை எப்படி அடக்கறதுன்னு ஒருத்தரும் சொல்லித்தரலை. சூடான பசைத் துப்பாக்கியால ஒரு பையன் கையைச் சுட்டுக்கிட்டு நர்ஸ் ரூமுக்குப் போன அன்னிக்கு வண்டில உட்கார்ந்து அழுதேன். ரம்பம் அக்கா சொல்ற ஸ்டூடென்ட் டீச்சிங் எனக்கு இருந்திருந்தா அந்த வருஷம் வேற மாதிரி போயிருக்கும். சம்பளம் இல்லாத செமஸ்டர்தான், ஆனா பக்கத்துல அனுபவசாலி ஒருத்தர் நிக்கறார் இல்லையா.

இன்னொண்ணு: ஒரு மாநில லைசென்ஸ் அடுத்த மாநிலத்துல அப்படியே செல்லாது. ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, ஆனா அந்தந்த மாநிலம் தன் பரீட்சையைக் கேக்கும். உங்க வீட்டுக்காரர் வேலை மாறி ஊர் மாற வாய்ப்பு இருந்தா அதையும் யோசிங்க.


மழைக்காகம்:

ரம்பம் அக்கா, பாண்டி அண்ணா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஆன்லைன் படிப்புக்கு நேரா ஒண்ணுமே இல்லை. வீட்டுக்காரர்கிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன், "ஓ"ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

பணம்தான் இப்போ கவலை. கடைசி செமஸ்டர் அசிஸ்டென்ட் சம்பளமும் போயிடும். அப்புறம், டெக் சார் அடுத்த ஜூன்ல போறார், எனக்கு முடிய ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த இடத்தை எனக்காகவா வச்சிருப்பாங்க?


பழையரம்பம்:

வச்சிருக்க மாட்டாங்க. ஆனா வேற ஒரு வழி இருக்கு, பலருக்குத் தெரியாது. நம்ம மாநிலத்துல இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட்னு ஒண்ணு உண்டு. இன்டர்ன்ஷிப் உள்ள பட்ட மேற்படிப்புல பாதி கிரெடிட் முடிச்ச மாணவருக்கு, கல்லூரியும் பள்ளி மாவட்டமும் ஒத்துக்கிட்டா, சம்பளத்தோட வகுப்பு எடுக்கலாம். உங்க கல்லூரி படிப்புல அது இருக்கான்னு முதல்ல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. இருந்தா அதை எடுத்துக்கிட்டுப் போய் பிரின்சிபாலைப் பாருங்க. ஆள் கிடைக்காத இடம், உங்க முகம் அவங்களுக்குத் தெரியும். நான் பிரின்சிபாலா இருந்தா காது கொடுத்துக் கேப்பேன்.

டீச் கிராண்ட்னு மத்திய அரசு உதவி, வருஷம் 4,000 டாலர் வரை. கிரீன் கார்டு இருக்கறதால விண்ணப்பிக்கலாம். ஆனா ஜாக்கிரதை. வருமானம் குறைஞ்ச பகுதிப் பள்ளியில, பற்றாக்குறைன்னு பட்டியல்ல இருக்கற பாடத்துல, எட்டு வருஷத்துக்குள்ள நாலு வருஷம் வேலை பார்க்கணும். தவறினா முழுத் தொகையும் கடனா மாறும், பணம் வாங்கின நாள்லேர்ந்து வட்டி. என்கூடப் படிச்ச ஒருத்தி அதுல மாட்டினா. உங்க பள்ளி அந்தக் கணக்குல வருதான்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. உங்க ஃப்ரீ பீரியட்ல டெக் சார் ரூம்ல போய் உட்காருங்க. ஸ்க்ரோல் சால (வளைவு அறுக்கற சின்ன ரம்ப மெஷின்) ஒரு துண்டு அறுத்துப் பாருங்க. அந்தச் சத்தமும் தூசியும் ஒத்து வருதான்னு அங்கேயே தெரிஞ்சுடும்.


மழைக்காகம்:

போய்ட்டு வந்தேன் அக்கா. சார் பென்சில்ல ஒரு வளைவு போட்டுக் கொடுத்து அறுக்கச் சொன்னார். மூணு இடத்துல கோட்டை விட்டு வெளிய போயிட்டேன், ஒரு பிளேடும் உடைஞ்சது. "அது தினமும் உடையும்"னு சொல்லிட்டு அவரே மாட்டிக் காட்டினார். கூந்தல்ல மரத்தூளோட வந்து நிக்கறேன், என் பொண்ணு மூக்கைப் பொத்தறா.

கல்லூரிக்கு மெயில் போட்டாச்சு. ஊர்லேர்ந்து டிரான்ஸ்கிரிப்ட் வர எத்தனை நாளாகும்?


பழையரம்பம்:

எனக்கு நாலு மாசம், அதுவும் சித்தப்பா மூணு தடவை நேர்ல போய் நின்னப்புறம். இன்னிக்கே விண்ணப்பம் போடுங்க. சீல் வச்ச கவரா வேணும், வீட்ல யாரும் ஆசையாப் பிரிச்சுப் பார்த்துடப் போறாங்க, சொல்லி வைங்க. ஒர்க்‌ஷாப் சிலபஸை மறக்காம சேர்த்துக் கேளுங்க.